வாரத்துக்கு விட்ட ஆடு

என் கணவரின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா, ஒரு சனிக்கிழமை காலை இரண்டு செம்மறிகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கள் அம்பிட்டிய வீட்டின் பின்பக்கம் வந்து நின்றார். எனக்கு இடுப்பில் கைக்குழந்தை, அடுப்பில் பொங்குகிற பால்.

"தாயி, இது ரெண்டும் வாரத்துக்கு இங்க நிக்கட்டும்" என்றார்.

ஒரு வாரம்தானே என்று தலையாட்டிவிட்டுப் பாலை இறக்க ஓடினேன்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் வாரம் என்று சொல்வதில்லை. போன கிழமை, வாற கிழமை என்றுதான் பேசுவோம். வாரம் என்பது ரேடியோவிலும் பரீட்சைத் தாளிலும் வருகிற சொல். நான் கண்டியில் கடைத்தெருவுக்கு மேலே வளர்ந்து, உயர்தர வகுப்பில் வணிகம் படித்தவள். படித்த மருமகள் என்று மரியாதைக்காக ஏட்டுத் தமிழில் பேசுகிறாராக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆடுகளைக் கழுவித் துடைத்து, கயிற்றைச் சுருட்டி, முற்றத்தைப் பெருக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் குடையோடு வந்தார். ஆடுகளின் முதுகைத் தடவினார், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், என்னிடம் டீ வாங்கிக் குடித்தார். "நல்லாத் தேறிருச்சு தாயி. உங்க கைராசி" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

டவுனில் இரும்புக் கடையில் வேலை முடிந்து கணவர் வந்ததும், "உங்க சித்தப்பா ஆட்டை மறந்துட்டுப் போயிட்டாரு" என்றேன்.

விஷயத்தைக் கேட்டவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து சிரித்தார். "வாரம்னா பங்கும்மா! ஆடு அவருது, வளக்கிறது நாம. போடுற குட்டியில பாதி பாதி."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல. ஈத்துக் கணக்கு."

"எத்தனை ஈத்துக்கு?"

அவர் கூரையைப் பார்த்தார். திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் என் கணவருக்குத் தகப்பன் இல்லை. எங்கள் கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றவர் சின்ன மாமாதான். கல்யாணம் முடிந்து முதன்முதலாகக் கேட்ட காரியத்துக்கே முடியாது என்பதா? சரியென்று சொன்ன வாயால் இல்லையென்று சொல்வதா? இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் குழந்தை "மே" என்று சொல்லப் பழகிவிட்டது.

சின்ன மாமா ஆள் ஒல்லி. ஆடுகளோடு நடந்து நடந்து முன்னால் சாய்ந்த நடை. காக்கிக் கோட்டின் ஒரு பையில் வெற்றிலை, மற்றதில் ஆட்டுக்கு உப்பு. எது எந்தப் பை என்பது அவருக்கே சில நேரம் தெரியாது. உப்பை வாயில் போட்டுத் துப்புவதை நான் கண்டிருக்கிறேன். அம்பிட்டியவுக்கு மேலே பாழ்பட்ட தேயிலைக் காணி ஒன்றின் ஓரத்தில் தகரக் கொட்டில் போட்டு, அதில் பாதியில் அவரும் பாதியில் ஆடுகளுமாக இருந்தார். மனைவி காலமாகி வெகுகாலம். பிள்ளைகள் இல்லை.

அந்தக் கொட்டிலில் நின்றவை அவருடைய மந்தையில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் எங்களைப்போல அகப்பட்டவர்கள் வீட்டில் நின்றன. எங்கள் வாசலுக்கு முன்னால் போகிற ஒழுங்கைக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டில் இரண்டு. அந்த வீட்டு அம்மாவை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். தையற்காரர் வீட்டில் ஒன்று. ஹேவாஹெட்டப் பக்கம் பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் ஒரு வீட்டில் மூன்று. சனிக்கிழமைகளில் அவர் இந்த வீடுகளையெல்லாம் சுற்றி வருவார். எல்லா வீட்டிலும் பல் பார்ப்பார், எல்லா வீட்டிலும் டீ.

ஆட்டு வளர்ப்பில் லாபமா நட்டமா என்று அவரோடு பேசுவதைப் போல மனிதரைச் சோர வைக்கிற காரியம் வேறில்லை.

"புல்லு மலையில. தண்ணி ஓடையில. பாக்கிறது நீங்க. செலவு எங்க தாயி இருக்கு?"

"தவிடு வாங்குறேன் மாமா. புண்ணாக்கு வாங்குறேன். பூச்சி மருந்து வாங்குறேன்."

"அது வீட்டுச் சாமானோட சேந்து வர்றதுதானே."

"வேலி அடிச்சிருக்கு."

"வேலி ஆட்டுக்கா? வீட்டுக்கு."

"உங்க ஆடு பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவோட அந்தூரியப் பூச்செடியத் தொட்டியோட தின்னுருக்கு. அதுக்குக் காசு கொடுத்தேன்."

கொஞ்சம் யோசித்தார். "அது செலவில்ல தாயி. சகவாசம்" என்றார்.

வரவுப் பக்கத்தில் மட்டும் எதுவும் விடமாட்டார். புழுக்கை வரவு. ஆடு மேய்ந்ததால் முற்றத்தில் புல் வெட்டுகிற கூலி மிச்சம், அதுவும் வரவு. வெயில் காலத்தில் ஒருநாள் தையற்காரரிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கிவந்து என் முற்றத்திலேயே ஆடுகளுக்கு ரோமம் வெட்டினார். அதை வாங்க ஆள் கிடையாது. நம் நாட்டுச் செம்மறி ரோமத்தில் யார் கம்பளி நெய்கிறார்கள்? ஆனாலும் இரண்டு சாக்கில் சமமாகப் பிரித்தார். போகும்போது ஒழுங்கை முனையில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்கு நின்ற டீச்சர்மார் கேட்கும்படி, "தாயி! உங்க பங்கு மயிரு சாக்குல இருக்கு, மறந்துறாதீங்க!" என்று கத்தினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் முந்தின தரிப்பிடத்துக்கு நடந்துபோய்த்தான் பஸ் ஏறினேன்.

தன் பங்கு ரோமத்தை வெந்நீரில் அலசிக் காயவைத்து, தையற்காரரைக் கொண்டே ஒரு தலையணை தைத்து என் மகளுக்குக் கொண்டுவந்தார். கிழவர் தன் கையால் அலசியிருக்கிறார். எப்படி வேண்டாம் என்பது? குழந்தையை அதில் படுக்கவைத்தேன். மறுநாள் அவளுக்கு மூக்கடைப்பு. அந்தக் கிழமைக் கடைசியில் முதன்முதலாக நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது.

தலையணையைத் தூக்கிப் பரணில் போட்டேன். இழுப்பு நிற்கவில்லை. பிள்ளை டாக்டரிடம் கொண்டுபோனேன். வீட்டில் மிருகம் இருக்கிறதா, சுவரில் ஈரமா, மண்ணெண்ணெய் அடுப்பா, யாராவது சிகரெட் குடிப்பார்களா என்று கேட்டார். சிகரெட்டைத் தவிர எல்லாம் இருந்தது. "எதுனாலன்னு என்னால சொல்ல முடியாது. எதையெல்லாம் அகற்ற முடியுமோ அகற்றிப் பாருங்க" என்றார். வீடு வாடகை வீடு, சுவரை அகற்ற முடியாது. அடுப்பை மாற்ற வசதியில்லை. அகற்றக்கூடியது ஆடு ஒன்றுதான்.

அன்று முதல் எனக்கு ஒரே நினைப்பு. அவளுக்கு இன்னொரு மழைக்காலம் வருமுன் இந்தக் கணக்கைத் தீர்த்து ஆடுகளை அனுப்பிவிட வேண்டும்.

சின்ன மாமாவிடம் சொன்னேன். அவருக்கும் பயம் வந்தது. பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "தீத்துருவோம் தாயி. பிள்ளையவிட ஆடு பெருசா? பெட்டை ஒண்ணு சினையா இருக்கு, சினையாட்டை விக்கிறது பாவம். அது போடட்டும்."

அது போட்டது. அதற்குள் மற்றது சினை. மற்றது போட்டபோது முதலாவது மறுபடி சினை. குட்டிகள் எழுந்து நடந்து, அவற்றுக்கும் வயது வந்தது. முற்றத்தில் ஆறு செம்மறி நின்றது. நான் வணிக வகுப்பில் படித்த ஐந்தொகைக் கணக்கில் எங்கும் இப்படியொரு சரக்கு இல்லை. விற்கப்போகும் ஒவ்வொரு முறையும் அது பெருகிவிட்டிருக்கும்.

"அந்தக் கிடா இருக்கிற வரைக்கும் உங்க கணக்கு முடியாது புள்ள" என்றார் ராத்தா. அவர் தன் வீட்டு ஆடுகளைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. "சனிக்கிழமை அவர் கிடாவோடதானே வாறாரு. பெட்டைய அண்ட விடாதீங்க."

எனக்கு அதுவரை இது உறைக்கவில்லை. கொஞ்சக் காலமாகவே குடைக்குப் பதில் ஒரு கிடாவோடுதான் அவர் சுற்றி வந்தார். முறுக்குக் கொம்பு, மாப்பிள்ளை நடை. வீடு வீடாக அதைக் கூட்டிப்போய், தான் டீ குடித்து முடியும் வரை முற்றத்தில் அவிழ்த்துவிடுவார். ஒரு வீட்டிலும் கணக்கு முடியாமல் பார்த்துக்கொண்டது அந்தக் கிடாதான்.

அடுத்த சனிக்கிழமை, சினை இல்லாமல் நின்ற பெட்டையை அடுப்படிக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் வந்தார்.

"தாயி, ஒரு பெட்டையக் காணோமே?"

"மேயப் போயிருக்கு மாமா."

உள்ளேயிருந்து ஆடு கத்தியது. என் இடுப்பிலிருந்த மகள் "மே" என்று பதில் கொடுத்தாள்.

"சத்தம் உங்க அடுப்படியிலேர்ந்து வருது போல."

"மழை வரும்னு... உள்ள கட்டியிருக்கேன்."

முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். கிடா அடுப்படிக் கதவைப் பார்த்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. அவர் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"அடுப்படியில வச்சுப் பாக்குறீங்களே தாயி. இம்புட்டுப் பாசம் வச்சிட்டீங்களே."

டீ போட்டேன்.

மழை தொடங்கியதும் குளம்பழுகல் வந்தது. "மலையாடு மழை பாக்காது" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாசகம். மலையாடு நன்றாகவே மழை பார்க்கும். காலைத் தூக்கித் தூக்கி நொண்டும். நொண்டுகிற ஆடு குர்பானுக்கு ஆகாது. வருஷம் முழுக்கத் தீனி போடுவதே ஹஜ்ஜுப் பெருநாளைக்கு டவுன் முஸ்லிம்கள் நல்ல விலைக்கு வாங்குவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான். அந்த ஒரு வாசல் அடைபட்டால் இறைச்சிக்கடை விலைதான். அவர் குளம்பு கழுவ மயில்துத்தம் பொட்டலத்தோடு வந்து, "அகலமான ஏனம் ஏதாச்சும் கொடுங்க" என்றார். நான் பிள்ளைக்கு நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வெளியே வந்து பார்த்தால், என் மகளைக் குளிப்பாட்டுகிற ரோஸ் நிற பேசினில் நீலத் தண்ணீர் நிறைந்து, அதில் ஆடு முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றது.

அன்று கணவரிடம் கத்தினேன். "உங்க சித்தப்பாவுக்கு ஏன் ஒரு கணக்கையும் முடிக்கத் தெரியல? தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவருன்னு வேற சொல்றீங்க!"

"அதனாலதான்" என்றார் அவர்.

ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில் சின்ன மாமா நீண்ட காலம் கணக்கப்பிள்ளை. கொழுந்து குறைந்தவர்களுக்கு அரைப் பேர் போடுவது அவர் கை. அரைப் பேர் என்றால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் அரை நாள் சம்பளம்தான். மேலே இருந்தவர்கள் போடச் சொன்னார்கள், அவர் போட்டார். மாதக் கடைசியில் கணக்கை முடித்துச் சம்பளம் கொடுத்த பிறகு, தொழிலாளர் லயத்தில் ஒருவரும் அவர் முகம் பார்த்துப் பேசமாட்டார்களாம். அவர் வீட்டு விசேஷத்துக்குச் சமைத்தது அப்படியே மிஞ்சிய கதையைக் கணவர் சொன்னார்.

கேட்க மனசுக்கு என்னவோ செய்தது. ஆனால் அதற்கு என் பிள்ளையின் நெஞ்சு என்ன செய்யும்?

பெருநாளுக்குச் சில கிழமைகள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. உதடு நிறம் மாறியது. திரீவீலரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகத்தில் புகை மாஸ்க் வைத்து அவள் கொஞ்சம் அமைதியான பிறகு, வார்ட்டுக்குள் சின்ன மாமா வந்தார். கோட்டில் ஆட்டு வாடை. கட்டிலருகே வந்தவரை நான் எழுந்து மறித்தேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரை அப்படி மறித்தது அன்றுதான்.

"கிட்ட வராதீங்க மாமா. எனக்குப் பங்கே வேணாம். ஒரு குட்டி வேணாம். எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போயிருங்க."

அவர் முகம் மாறிவிட்டது. ஆட்டைக் கொண்டுபோகச் சொன்னதற்காக அல்ல.

"பங்கு வேணாமா? அப்ப இவ்வளவு நாளா உங்கள நான் கூலியில்லாம வேலை வாங்கினேன்னு அர்த்தமா?" வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு குரலை இறக்கினார். "முடிக்கணும்னு சொல்லுங்க தாயி. முடிச்சிருவோம். பங்கு வேணாங்காதீங்க."

"சரி. முடிக்கணும்."

தலையசைத்துவிட்டு வெளியே போனார். மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முற்றம் காலியாக இருந்தது. புழுக்கை கூட்டி, தரைக்குச் சுண்ணாம்பு போட்டிருந்தது. கட்டுத்தறிகளைக்கூடப் பிடுங்கிக் குழியை மூடியிருந்தார்.

பெருநாள் முடிந்து வந்தார். வெற்றிலையில் வைத்துப் பணத்தை நீட்டினார். இரண்டு கிடாக்குட்டிகள் குர்பானுக்கு நல்ல விலை போயின. இன்னொன்று நொண்டியதால் இறைச்சிக்கடைக்கு. விற்காத பெட்டைகளை மதிப்புப் போட்டிருந்தார். சினையாக நின்ற ஒன்றின் வயிற்றுக் குட்டிக்கும் பாதி கணக்கிட்டிருந்தார். "பொறக்காததுக்கு எதுக்கு மாமா?" என்றதற்கு, "உங்க வீட்டுப் புல்லுலதானே தங்கிச்சு" என்றார். ரோமத்தைக்கூட நினைவு வைத்திருந்தார். என் பங்கிலிருந்து தவிடு, புண்ணாக்கு, மருந்து, வேலி, அந்தூரியம் எல்லாவற்றையும் மனதுக்குள் கழித்தேன். மிஞ்சியதில் ஒரு புதுப் பேசின் வாங்கலாம்.

"சரியா தாயி?"

"சரி மாமா."

"பாக்கி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. உள்ள வாங்க, டீ போடுறேன்."

"வேலை கெடக்கு" என்றார். அவர் எங்கள் வீட்டில் டீ வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகும் சனிக்கிழமைகளில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ராத்தா வீட்டுக்குப் போனார். மகள் வேலியில் ஏறிக் கத்துவாள். அவர் கையசைப்பார், கிடாவும் திரும்பிப் பார்க்கும். இரண்டு மூன்று தடவை நானே ஒழுங்கைக்கு இறங்கிக் கூப்பிட்டேன். "மாமா, ஆடு இருந்தாத்தான் வரணுமா? இது உங்க மகன் வீடு இல்லையா?" என்றேன். "வர்றேன் தாயி, வர்றேன்" என்றார். அந்த மனுஷர் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளைக்கு ஆகாது என்றுதானே ஆட்டை அனுப்பினோம்? அவரையா போகச் சொன்னோம்?

ஆடுகள் போன பிறகு இழுப்பு குறைந்தது. அடுத்த மழைக்குத் திரும்ப வந்தது, முன்னளவுக்கு இல்லை. வேறொரு டாக்டர் சுவர் ஈரம்தான் காரணம் என்றார். இன்னொருவர் வளர வளரத் தானாகப் போய்விடும் என்றார். அது ஆட்டாலா, தலையணையாலா, சுவராலா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. உதடு நிறம் மாறிய பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் வேறு என்ன செய்திருப்பாள் என்று கேட்டால், பதில் சொல்லவும் யாரும் இல்லை.

அடுத்த வருஷம் காய்ச்சலில் படுத்தவர் எழும்பவில்லை. தகரக் கொட்டிலுக்கு முன்னால் கூடிய கூட்டத்தில் பாதிப் பேரை எங்களுக்கே தெரியாது. எந்தெந்த மலையிலிருந்தோ வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்றோ இரண்டோ அவருடைய ஆடு நின்றது. யாரிடம் எத்தனை, எந்த ஈத்தில் யார் பங்கு பாக்கி என்று எவருக்கும் தெரியவில்லை. பிரேதத்தை வைத்துக்கொண்டே தர்க்கம் நடந்தது. "எங்களுக்குத்தான் ரெண்டு குட்டி வரணும்" என்று ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். "அதெப்படி, போன ஈத்துல நீதானே மூத்ததை எடுத்த" என்று அவள் புருஷனே மறித்தான். தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு யார் யார் என்ன உறவு என்று கேட்டால், எல்லாருக்கும் சொல்ல ஒரு ஆடாவது இருந்தது. நான் உறவுக்காரி. பின்வரிசையில், டவுனிலிருந்து வந்த சொந்தங்களோடு நின்றேன்.

ராத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மவுத்தாகுறதுக்கு முந்தின கிழமை எங்க வீட்டுக்கு வந்தாரு புள்ள. உங்களப் பத்திக் கேட்டேன். 'என் கணக்க முடிச்சவ அவ ஒருத்திதான்'னு சொன்னாரு."

மெச்சிச் சொன்னாரா, ஏசிச் சொன்னாரா? நம் பேச்சில் ஒருவனின் கணக்கை முடிப்பது என்றால் வேறு அர்த்தமும் இருக்கிறதே.

"சிரிச்சுக்கிட்டா சொன்னாரு ராத்தா?"

அவர் நினைத்துப் பார்த்தார்.

"ஆட்டுக் குளம்பப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாரு. மூஞ்சி தெரியல்ல புள்ள."